எட்ட நின்று சொன்ன சமாதானம்

எசன், ஜேர்மனி, ஓகஸ்ட் 2007

என் அன்புத் தம்பிக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டு, "ஓம் அப்பா, வழமைபோல நம்பர் போட்டு எழுதி அனுப்புங்கோ" என்றாய். கேலிதான். ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லும்போது பாதியில் நின்றுவிடுகிறவன் நான். இலக்கம் போட்டால் அடுத்த இலக்கத்துக்காவது போயாக வேண்டும். ஆகவே எழுதப்போவதை முதலில் ஒழுங்குபடுத்திவிடுகிறேன்.

1. வேதத்தைத் தினமும் கொஞ்சமாக, வாய்விட்டு வாசிப்பது.
2. உங்கள் வீட்டில் எந்த மொழியில் செபிப்பது.
3. யாரும் பார்க்காத இடத்து வேலை.
4. மன்னிப்பு. ஒருவருக்குச் சமாதானம் கொடுக்க அவருக்குக் கிட்டப் போக வேண்டியதில்லை. எட்ட நின்றும் கொடுக்கலாம்.
5. உன் கல்யாணத்தில் நான் பேசுவதும், அதை மரியநேசன் டொச் மொழியில் சொல்வதும்.

நீ பதில் கேட்டது ஐந்தாவதற்கு மட்டும். அதற்கு நேரே போக எனக்குத் துணிவு வரவில்லை. ஊரில் கணக்குப் படிப்பித்த காலத்திலும் விடையை முதலில் எழுதுகிற ஆசிரியனாக நான் இருந்ததில்லை. வழி காட்டாத விடைக்குப் புள்ளி கொடுத்ததுமில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு அதை மாற்ற முடியுமா தெரியவில்லை. ஒக்டோபரில் நீயும் காத்றீனும் ஒரு வீட்டைத் தொடங்கப்போகிறீர்கள். அதற்கு முன்னர் உனக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்திருந்தேன். நான் குருவானவர் அல்ல. மாதம் ஒருமுறை இங்கே தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிக்கிற ஒரு கிழவன், அவ்வளவுதான். விசுவாசத்தில் உன் அம்மா என்னைவிட மேல். அவள் செய்துவிட்டுப் போய்விடுவாள். நான் அது சரியா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வாசி.

முதலாவது, வாசிப்பு. நான் வாசகராகச் சேர்ந்த முதல் மாதம் என் குரல் மூன்றாம் வரிசை வாங்கைத் தாண்டவில்லை. பூசை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "மாஸ்டர், தீர்க்கதரிசி சொன்னது இரகசியமோ? எங்களுக்கும் சொல்லலாமே" என்றார். அதற்குப் பிறகுதான் வியாழக்கிழமைகளில் குசினியில் நின்று வாசித்துப் பழகத் தொடங்கினேன். மூச்சு எடுக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துவைப்பேன். அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டு கேட்பாள். என் குரல் கேட்காவிட்டால் கத்தியால் பலகையைத் தட்டுவாள். அப்படிப் பழகியபோது ஒன்றைக் கவனித்தேன். கண்ணால் மட்டும் வாசிக்கும்போது எனக்குப் பிடிக்காத வசனத்தைக் கண் தானாகவே தாண்டிவிடுகிறது. வாயால் அப்படித் தாண்ட முடியாது. தாண்டினால் காதுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நீ நீளமாக வாசிக்க வேண்டாம். ஒரு பந்தி போதும். ஆனால் வாய்விட்டு வாசி. விருப்பமான இடத்தைத் தேடி எடுக்காமல், நேற்று விட்ட இடத்திலிருந்து வரிசையாக வாசி. ஆறுதல் தரும் பக்கங்களை மட்டும் புரட்டிப் புரட்டி வாசித்தால், புத்தகம் நாம் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும்.

நானே வாயாலும் ஏமாற்றப் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பொழிவில் ஒரு பகுதி உண்டு. பீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு ஏதோ மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. அந்த இடம் வந்தால் நான் வேகமாக வாசிக்கிறேன் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. "பஸ்ஸைப் பிடிக்கப் போறமாதிரி ஓடுறியள்" என்பாள். நான் மறுப்பேன். பிறகு மெதுவாக வாசிப்பேன். மெதுவாக வாசிப்பதும் ஒரு நடிப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, செபம். காத்றீன் முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சாப்பாட்டுக்கு முன் நான் தமிழில் செபம் சொன்னேன். உனக்காக, அவளுக்காக, அவளுடைய பெற்றோருக்காக, ஊரில் யுத்தத்துக்குள் இருப்பவர்களுக்காக, பிறகு பயணத்தில் இருப்பவர்களுக்காக. அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் விளங்காமல் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. கடைசியில் அம்மா, "ஆண்டவருக்கு விளங்கிட்டுது, சோத்தைப் போடட்டோ?" என்றாள். நீ சிரித்தாய். நீ அதை மொழிபெயர்த்ததும் காத்றீனும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தானும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டு, சின்ன வயதில் தன் வீட்டில் சொன்ன நாலு வரிச் செபத்தை டொச்சில் சொன்னாள். அதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் என் நீண்ட செபத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அவள் உண்மையில் சாப்பாட்டுக்குத்தான் நன்றி சொன்னாள். அதிக வார்த்தைகளால் செபம் கேட்கப்படும் என்று எண்ண வேண்டாம் என்று படித்தவன் நான். படித்ததை ஒரு டொச்சுப் பிள்ளை நாலு வரியில் செய்து காட்டினாள்.

உங்கள் வீட்டில் எந்த மொழியில் செபிப்பது என்று நீ ஒருமுறை கேட்டாய். அவரவர் சின்ன வயதில் பயந்தபோது எந்த மொழியில் செபித்தீர்களோ அந்த மொழியில் சொல்லுங்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர் கேளுங்கள். முடிவில் இரண்டு பேரும் ஆமென் சொல்லுங்கள். விளங்காத செபத்துக்கு ஆமென் சொல்வது பொய்யல்ல. உன் மனைவி ஆண்டவரிடம் என்ன கேட்டாலும் நீ அவள் பக்கம் நிற்கிறாய் என்பதுதான் அதன் பொருள்.

மூன்றாவது சிறியது. நீ மின்வேலை செய்கிறவன். நீ இழுக்கும் வயர்கள் சுவருக்குள் போகின்றன. மேலே பூசினால் பிறகு யாரும் பார்ப்பதில்லை. நான் பத்தொன்பது வருடம் ஒரு வைத்தியசாலைக் குசினியில் தட்டுக் கழுவினேன், பிறகு நோயாளிகளின் தட்டுகளை அடுக்கினேன். சீனி வருத்தக்காரருக்குப் போகும் தட்டை இரண்டு தரம் பார்ப்பேன். மேற்பார்வை செய்த அம்மையார் என்னை ஆமை என்று சொல்வது எனக்குத் தெரியும். அந்தரங்கத்தில் காண்கிற பிதாவைப் பற்றி நீ கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் தருமத்தையும் செபத்தையும் பற்றியவை. நான் அதை வயருக்கும் தட்டுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை. நீ இதை என்னிலும் நன்றாகச் செய்கிறாய்.

நான்காவதுக்கு வருகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. அகதி விண்ணப்பத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்ப்பாளராக மரியநேசன். எனக்கு அவரை முன்பின் தெரியாது. எங்கள் பகுதிக் கத்தோலிக்கர், எழுபதுகளிலேயே படிக்க வந்தவர், டொச்சை ஜேர்மன்காரரைப் போலவே கதைப்பார் என்று அகதிகளைத் தங்கவைத்த ஹைமில் இருந்த பொடியள் சொல்லியிருந்தார்கள். நடுவில் நம்மவர் ஒருவர் இருக்கிறாரே என்று நான் ஆறுதலாக இருந்தேன். நான் என் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். இராணுவம் என்னை இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனது. முதல் முறை எங்கே, எத்தனை நாள். இரண்டாம் முறை எங்கே, எத்தனை நாள். நான் நீளமாகச் சொல்லச் சொல்ல அவர் சுருக்கமாகச் சொன்னார். டொச் தெரியாவிட்டாலும் நீளம் தெரியும் அல்லவா? முடிவில் எழுதியதை வாசித்துத் தமிழில் சொல்லிவிட்டு, "எல்லாம் சரியோ?" என்று கேட்டார். அவர் சொன்னதில் ஒரு முறைதான் இருந்தது. எனக்குக் கேட்டது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். படித்த மனிதர் ஒருவர் எனக்காகப் பேசியிருக்கிறார், அவரை எல்லோர் முன்னாலும் பிழை சொல்லுவதா என்று யோசித்தேன். "ஓம்" என்றேன். கையெழுத்து வைத்தேன்.

பிறகு நீதிமன்றத்தில் இரண்டு முறை என்று சொன்னபோது, முதலில் ஒரு முறை என்றுதானே சொன்னீர் என்று கேட்டார்கள். நம்பத்தகாதவன் என்று முடிவானது. திருப்பி அனுப்பவில்லை, ஆனால் வதிவிட உரிமையும் தரவில்லை. அந்த நிலையில் உன்னையும் அம்மாவையும் கூப்பிட ஏலாது. பொது மன்னிப்புப்போல ஒரு சட்டம் வந்து, விசா கிடைத்து, நீங்கள் இரண்டு பேரும் விமான நிலையத்தில் இறங்கியபோது உனக்குப் பதினாலு வயது. மீசை அரும்பிய ஒரு பொடியன் அம்மாவுக்குப் பின்னால் நின்று, "வணக்கம்" என்று சொன்னான். அப்பா என்று சொல்லவில்லை. அதில் உன் பிழை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மரியநேசன் உனக்குச் செய்த நன்மைகளை நான் மறக்கவில்லை. சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு டொச் சொல்லிக்கொடுத்தார். உன் மின்வேலை அவுஸ்பில்டுங் பயிற்சிக்கு நேர்முகம் வந்தபோது உன்னோடு கூடப் போனவர் அவர். நான் மண்டப வாசல் வரை உன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தெருவில் நிற்பேன். நீ அவரை நேசன் மாமா என்று சொல்ல ஆரம்பித்ததும் வாசலுக்கும் வருவதை நிறுத்தினேன்.

ஆனால் நான் அவரை வெறுக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். பகைவரை நேசிக்கச் சொன்னதை நான் என் அளவில் செய்து பார்த்தேன், அதற்கு ஒரு முறையையும் கண்டுபிடித்தேன். டொச்சுப் பூசையில் சமாதானம் பகிரும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கை கொடுக்க வேண்டும். நம்முடைய தமிழ்ப் பூசையில் அப்படியில்லை; நின்ற இடத்தில் நின்று, கைகூப்பி, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டால் போதும். நான் இடப்பக்கம் மூன்றாம் வாங்கில் இருப்பேன். அவர் வலப்பக்கத்துத் தூணடியில் இருப்பார். சமாதானம் சொல்லும்போது நான் மெதுவாகத் திரும்பி, அந்தத் தூண் பக்கமும் ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் முடிப்பேன். ஒரு மாதமும் தவறியதில்லை. அவருக்கு நன்மை உண்டாகட்டும் என்று மனதில் சொல்லித்தான் கும்பிடுவேன். ஆகவே நான் கண்டது இதுதான், தம்பி. மன்னிப்பது வேறு, உறவாடுவது வேறு. காயப்பட்டவன் தன் தூரத்தை வைத்துக்கொள்ளலாம். சமாதானம் காற்றில் போய்ச் சேரும். கை தொட வேண்டியதில்லை, சாப்பாட்டு மேசையில் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. நாளை உனக்கும் உன் வேலையிடத்திலோ, காத்றீன் குடும்பத்திலோ ஒருவரோடு மனம் ஒட்டாமல் போகலாம். அப்போது உன்னை நீயே வருத்திக்கொள்ளாமல், எட்ட நின்று மனதார வாழ்த்து. அது போதும்.

இதை வாசித்த அம்மா, "இது பைபிளில எந்த அதிகாரம்?" என்று கேட்டாள். நான் பேனையை மூடி வைத்தேன்.

ஐந்தாவதில் என்ன எழுத இருந்தேன் என்பது இப்போது உனக்கு விளங்கியிருக்கும். கல்யாண விருந்தில் நான் தமிழில் பேச வேண்டும், காத்றீனின் ஆட்களுக்கு மரியநேசன் அதை டொச்சில் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். "அவரைவிட நல்லா ஆர் அப்பா சொல்லுவினம்?" என்றாய். எனக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது. நான் பேச, நடுவில் அவர் நிற்க, அந்தப் பக்கம் விளங்காத முகங்கள். நான் பேசவில்லை, எழுந்து ஒரு செபம் மட்டும் சொல்லி இருந்துவிடுகிறேன் என்று எழுத இருந்தேன். இருந்தும் பேச வேண்டி வந்தால் என்ன பேசுவேன் என்று ஒரு பக்கம் எழுதி, கோட்டுப் பையில் வைத்திருந்தேன். அது என் பழக்கம்.

நான்காவது வரை வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று செவ்வாய். இடையில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை வந்து போனது.

பூசையில் எல்லாம் வழமைபோல நடந்தது. வாசித்தேன், கும்பிட்டேன், தூண் பக்கமும் கும்பிட்டேன். பிறகு மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்தார்கள். நான் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பூசை வைத்த சுவாமியோடு உன் கல்யாணப் பூசையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா என் கோட்டுப் பையிலிருந்த கடதாசியை எடுத்துக்கொண்டு மரியநேசனிடம் போய்விட்டாள். "நேசன் அண்ணை, இவர் எழுதி ஒளிச்சு வச்சிருக்கிறார், ஒருக்காப் பாருங்கோ" என்று அவள் சொன்னது மண்டபத்துக்கே கேட்டது. அவர் கடதாசியை வாங்கினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், சரித்துப் பிடித்தார், மடித்தார். பிறகு, "மாஸ்டரே வாசிச்சுக் காட்டினால் நல்லது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதாவது வரும் கோபம். முகத்தில் தெரியாது, காது மட்டும் சூடாகும். என்னைத் தன் முன்னால் மறுபடியும் உட்கார வைத்து ஒப்புவிக்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்காலத்தில் பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கும் அந்தச் சின்ன அறைக்குப் போனோம். அவர் கதிரையைத் தடவிப் பார்த்துத்தான் இருந்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

"கண் போகுது, மாஸ்டர்" என்றார். "ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டினம். கிட்ட இருந்தால் முகம் தெரியும். நாலு எட்டுத் தள்ளினால் ஆள் ஆர் எண்டே தெரியாது."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். ஏழெட்டு வருடம் இருக்கும் என்றார். பிறகு, நான் கேட்காமலே, இதைச் சொன்னார்:

"சமாதானம் சொல்லேக்க நான் உங்கட பக்கம் திரும்பி நிப்பன். நீங்கள் கும்பிடுறியளோ, இல்லாட்டி மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறியளோ எண்டு எனக்குத் தெரியிறேல்ல. எதுக்கும் நிப்பம் எண்டு நிப்பன்."

நான் கடதாசியை வாங்கி விரித்து வாசிக்கத் தொடங்கினேன். மூச்சுக்குப் போட்ட பென்சில் குறிகள் அதில் இருந்தன. அந்த இடங்களில் நிறுத்தினேன். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் அவர் டொச்சில் சொன்னார். இப்போது எனக்கும் கொஞ்சம் டொச் விளங்கும். அழகாகச் சொன்னார். என் வரட்டு வசனங்கள் அவர் வாயில் நல்லாயிருந்தன. அடுத்து இந்த வசனம் வந்தது: "என் மகன் ஆறு வயதில் என்னை அனுப்பிவைத்தான், எட்டு வருடங்களுக்குப் பிறகுதான் மறுபடி கண்டேன், அந்த எட்டு வருடமும் அவனைத் தனியாக வளர்த்தவள் அவன் தாய்." அவர், நீண்ட காலம் மகனைக் காணாமல் இருந்தார், தாய்தான் வளர்த்தார் என்று டொச்சில் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கத்தில், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சரியோ, மாஸ்டர்?"

வெளியில் கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது. என் வாய் ஓம் சொல்லத் திறந்தது. அது உனக்குத் தெரிந்த வாய்தான்; கடையில் மீதி குறைத்துத் தந்தாலும் ஓம் சொல்லுகிற வாய்.

"இல்லை" என்றேன். "எட்டு வருசம் எண்டு சொல்லோணும்."

அவர் முகம் என் பக்கம் இருந்தது. கிட்டத்தான் இருந்தோம்; அவருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பிறகு டொச்சில், எட்டு வருடம் என்று, அந்த இரண்டு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னார். தாய் தனியாக வளர்த்தார் என்பதையும் சேர்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"அண்டைக்கும் நான் சுருக்கிப்போட்டன், மாஸ்டர். சுருக்கிச் சொல்லு எண்டு அந்த அதிகாரி சொன்னவன். நான் இரண்டை ஒண்டாக்கினது பிறகுதான் எனக்கு விளங்கினது. வந்து சொல்லுவம் எண்டு நினைச்சனான். நீங்கள் மற்றப் பக்கத்து வாங்கில போய் இருந்திட்டியள்."

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். "எனக்குக் கேட்டது. கேட்டும் சொன்னன்."

மிச்சத்தையும் வாசித்தோம். இன்னும் ஓரிடத்தில் நிறுத்தினேன். அங்கே பிழை அவருடையதல்ல, என் வசனம்தான் கோணல் என்று தெரிந்தது. "இதைத் தமிழிலயே திருத்துங்கோ, மாஸ்டர், டொச்சை விடுங்கோ" என்று அவர் சிரித்தார். வெளியே வந்தபோது படிகள் இருந்தன. ஐந்தாறு படிதான். அவர் கையை நீட்டித் தேடினார். நான் பிடித்துக்கொண்டேன். ட்ராம் வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். விட்டால் மறுபடி எப்போது பிடிப்பேனோ என்ற பயமும் அதில் இருந்தது. அம்மா கொஞ்சம் தள்ளி நின்று றோல்ஸ் பொதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "கை நோகுதோ?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து அந்த மலைப்பொழிவுப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், வாய்விட்டு, ஓடாமல். இத்தனை வருடமும் அதை நான் ஏறுமாறாக விளங்கியிருக்கிறேன். உனக்கு யார்மேல் மனத்தாங்கலோ அவரிடம் போ என்று அங்கே இல்லை. உன்மேல் யாருக்கு மனத்தாங்கலோ அவரிடம் போ என்றுதான் இருக்கிறது. மனத்தாங்கல் என்னுடையது, அதைப் பெருந்தன்மையாகக் கும்பிட்டு முடிக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். தூணடியில் ஒருவர், என்னிடமிருந்து ஒன்று வருகிறதா இல்லையா என்று தெரியாமல், மாதாமாதம் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான் காணிக்கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ இதையெல்லாம் எப்படி முன்பே அறிந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த எட்டு வருடங்களும் உன்னுடையவையும்தான். என்னைவிட உனக்குத்தான் அதிகம் போனது. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன் நீ. அந்த மனிதரையே உன் கல்யாணத்தில் உன் தகப்பனுக்குப் பக்கத்தில் நிறுத்த நினைத்திருக்கிறாய். எங்கே கற்றுக்கொண்டாய்? என்னிடமிருந்து அல்ல என்பது மட்டும் நிச்சயம். அம்மாவிடம் கேட்டேன். "பொடியன் வாசிக்கிறதைச் செய்யிறான்" என்றாள்.

ஆகவே ஐந்தாவதற்குப் பதில்: ஓம். இந்த முறை யோசித்துச் சொல்லும் ஓம். நான் தமிழில் பேசுவேன், அவர் டொச்சில் சொல்லட்டும். அவர் வாசிக்கும்படி எழுதிக் கொடுக்காதே; நான் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்வேன். மண்டபத்தில் மேடையில் அவரை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் நிறுத்த வேண்டாம். ஒரே ஒலிவாங்கி போதும். பூசையில் முன்வரிசையில் என் வலப்பக்கத்தில் அவருக்கு ஒரு இடம் விட்டுவை. காத்றீனின் ஆட்கள் இருப்பதால் அன்று சமாதானம் டொச்சுப் பழக்கப்படி கை கொடுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு நான் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். கண் விஷயத்தை நீ அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் தானாகச் சொல்லும்வரை பொறு. ஆனால் அவரோடு கதைக்கும்போது கிட்டப் போய் நின்று கதை.

இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். தொடக்கத்தில் போட்ட அந்த வரிசையையும், எட்ட நின்று வாழ்த்து என்று உனக்குப் புத்தி சொன்ன பந்தியையும் எடுத்துவிட்டால் ஒழுங்காக இருக்கும். எடுக்கவில்லை. என் மாணவர்கள் பிழையான வழியை அழித்துவிட்டு விடையை மட்டும் காட்டினால் நான் புள்ளி கொடுத்ததில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்; அது எனக்கும் பொருந்தும். முதல் மூன்றும் சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை, நீயே வாழ்ந்து பார்த்துச் சொல். நான்காவது பிழை, தம்பி.

அன்புடன்,
அப்பா